கார்டு வேறு, பி.ஆர். வேறு: கனடாவின் 730 நாள் கணக்கு

சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் ஐரோப்பிய விமானங்களின் செக்-இன் வரிசையில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். டொராண்டோ போக வேண்டிய பெரியவர். இரண்டு பெட்டி, ஊறுகாய் பாட்டில் உடையாமல் துண்டு சுற்றி வைத்த கைப்பை. கவுண்டரில் இருக்கும் பெண் அவருடைய பி.ஆர். கார்டை, அதாவது கனடாவின் நிரந்தர வதிவிட அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது எக்ஸ்பயர் ஆகி இரண்டு மாசம் ஆச்சு. போர்டிங் பாஸ் கொடுக்க முடியாது" என்கிறார். பெரியவர் கேட்கும் முதல் கேள்வி: "அப்போ என் பி.ஆர். போயிடுச்சாம்மா?"

போகவில்லை. கார்டு காலாவதியானால் பி.ஆர். காலாவதியாவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் அடுத்து என்ன செய்கிறார், எங்கே இருந்துகொண்டு செய்கிறார் என்பதைப் பொறுத்து அது போகவும் கூடும். கனடாவின் நிரந்தர வதிவிட உரிமையைப் பற்றி நம் ஆட்களிடம் உலவும் குழப்பங்களில் பாதி, கார்டையும் உரிமையையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. மீதிப் பாதி, 5 ஆண்டு என்பதை எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாததால் வருவது.

கார்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2002-ல்தான் அது அறிமுகமானது. அதற்கு முன் வந்து இறங்கியவர்களிடம் இருந்தது ஒரு நீளமான காகிதம். 2003 முடிந்ததும், விமானம், ரயில், பேருந்து, கப்பல் என்று கட்டணம் கொடுத்து வரும் எந்த வாகனத்திலும் கனடாவுக்குத் திரும்ப வேண்டுமானால் கார்டைக் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. ஆக, அது ஒரு பயணச் சீட்டு மாதிரி. பெரும்பாலும் 5 ஆண்டுக்குத் தருவார்கள். அதைக் கேட்பவர் முதலில் விமான நிறுவனத்துக்காரர்தான். சொந்தக் காரில் அமெரிக்காவின் பஃபலோ பக்கமிருந்து பீஸ் பாலத்தைத் தாண்டி கனடாவின் ஃபோர்ட் ஈரிக்கு வருகிறவர், கார்டு இல்லாவிட்டாலும் தான் பி.ஆர். என்பதை வேறு ஆவணங்களால் நிரூபித்து உள்ளே வரலாம். அமெரிக்க விசா கையில் உள்ளவர்கள் முதலில் அமெரிக்காவில் இறங்கி, அங்கிருந்து மருமகன் காரில் எல்லை தாண்டுவது இதனால்தான். இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ஆனால் எல்லையில் இருப்பவர் கணக்குக் கேட்க மாட்டார் என்ற உத்தரவாதமும் இல்லை.

சரி, கணக்கு என்ன? குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001-ல் இயற்றப்பட்டு 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 28-ஆவது பிரிவு சொல்வது: ஒவ்வொரு 5 ஆண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாள். தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக இருந்தாலும் சேரும். ஒரு நாளில் கொஞ்ச நேரம் கனடாவில் இருந்தாலே அது முழு நாள். வந்து இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் இரண்டுமே கணக்கில் சேரும்.

இதற்கு முன்பு இருந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், நீங்கள் கனடாவைக் கைவிட்டதாகவே வைத்துக்கொள்வார்கள். இல்லை, கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை என்று நீங்கள்தான் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். மனதில் என்ன இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்கும் முறை. அமெரிக்க கிரீன் கார்டு இன்றும் ஏறக்குறைய அந்தப் பாதையில்தான் போகிறது. அங்கே இத்தனை நாள் இருந்தால் போதும் என்ற ஒரு நேரான எண் கிடையாது, ஓராண்டுக்கு மேல் வெளியே போவதானால் மறு நுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போ என்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் கனடாவின் 730 தாராளம். 5 ஆண்டில் 3 ஆண்டு ஊரில் இருக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இந்தத் தாராளம்தான் பலரை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றும். நிறைய நேரம் இருக்கிற மாதிரியே இருக்கும், ஒரு நாள் பார்த்தால் இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், துபாயில் வேலை. பி.ஆர். வந்ததும் 2019 ஜூன் 10 அன்று டொராண்டோவில் இறங்குகிறார். வங்கிக் கணக்கு தொடங்கி, நண்பர் வீட்டு விலாசம் கொடுத்து, ஜூன் 29 அன்று துபாய்க்கே திரும்பிவிடுகிறார். நம் ஆட்கள் இதை சாஃப்ட் லேண்டிங் என்பார்கள். கையில் 20 நாள். அப்புறம் கொரோனா, அப்புறம் வேலையில் பதவி உயர்வு. கடைசியில் குடும்பத்தோடு 2022 ஆகஸ்ட் 1 அன்று வந்து சேர்கிறார். 5 ஆண்டு முடிய இன்னும் 2 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே, அதற்குள் சேர்த்துவிடலாம் என்பது அவர் மனக்கணக்கு.

பி.ஆர். ஆகி 5 ஆண்டு முடியாதவருக்கு, அந்த முதல் 5 ஆண்டு முடிவதற்குள் 730-ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். இவருடைய முதல் 5 ஆண்டு 2024 ஜூன் 9 அன்று முடிகிறது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அதுவரை ஒரு நாள்கூட வெளியே போகாமல் இருந்தாலும் 679 நாள். பழைய 20-ஐச் சேர்த்தால் 699. முப்பத்தொரு நாள் துண்டு விழுகிறது. 5 ஆண்டு முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, விமான நிலையத்தில் இறங்கிய அன்றே, அவர் விதியை மீறியவர் ஆகிவிட்டார். ஜூலை 1 அன்று வந்திருந்தால் சரியாக 730 வந்திருக்கும்.

இறங்கிய அன்று யாரும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் பேசாமல் இங்கேயே இருக்கிறார். 2024 ஜூன் 10-க்குப் பிறகு அளவுகோல் மாறும்: யார் எந்த நாளில் கேட்கிறார்களோ, அந்த நாளிலிருந்து பின்னோக்கி 5 ஆண்டு. ரயில் ஜன்னல் மாதிரி, முன்னால் ஒரு நாள் தெரியத் தெரியப் பின்னால் ஒரு நாள் மறையும். 2019-ல் அவர் சேர்த்து வைத்த அந்த 20 நாளும் ஜூன் 10-லிருந்து ஒவ்வொன்றாக நழுவும். ஏறத்தாழ மூன்று வாரம் தினமும் இங்கேயே இருந்தும் அவருடைய எண்ணிக்கை 699-ஐத் தாண்டாது. அதன் பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்கி, ஜூலை 30 அன்று 730-ஐத் தொடும். அன்றோடு பழைய குறை தீர்ந்தது. மன்னிப்பு, அபராதம், விண்ணப்பம் எதுவும் தேவையில்லை.

அதனால்தான் கணக்கு குறைவாக உள்ளவர்கள் இரண்டு ஆண்டு எங்கும் போகாமல், கார்டைப் புதுப்பிக்காமல், யாரையும் ஸ்பான்சர் செய்யாமல் அமைதியாக இருக்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுக்குள் ஊரில் ஒரு கல்யாணமோ சாவோ வந்தால் பெரிய சோதனை. போனால் திரும்பும்போது மாட்டலாம். வாட்ஸ்அப்பில் அப்பாவின் இறுதிச் சடங்கைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு.

மாட்டினால் என்ன ஆகும் என்பது, எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தில் சாதாரண ஆள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். கனடாவின் எல்லையில் நிற்கும் பி.ஆர். ஒருவரை, அவர் பி.ஆர். என்பது உறுதியானால், உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். நாள் குறைவு என்று அதிகாரிக்குப் பட்டால் அறிக்கை எழுதுவார். இன்னொரு அதிகாரி அதைப் பார்த்து வெளியேறும் ஆணை போடலாம். அதன் மேல் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். வழக்கு முடியும்வரை அவர் பி.ஆர்.தான், வேலை பார்க்கலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். ஒரே ஒரு சிக்கல்: அறிக்கை எழுதிய நாளோடு எண்ணிக்கை நின்றுவிடும். வழக்கு 2 ஆண்டு இழுத்தாலும், அந்த 2 ஆண்டும் இங்கேயே இருந்தேன் என்று 730-ல் சேர்க்க முடியாது. முடிவு அவருக்குச் சாதகமாக வந்தால் வேறு.

வெளிநாட்டில் மாட்டினால் கதை வேறு. சென்னையில் விமானம் ஏற முடியாமல் நின்ற அந்தப் பெரியவர், வெளிநாட்டிலுள்ள கனடிய விசா அலுவலகத்துக்கு பி.ஆர். பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பமே ஒரு பரிசோதனை. நாள் போதாது, இரக்கம் காட்டவும் காரணம் இல்லை என்று அங்குள்ள அதிகாரி முடிவெடுத்தால், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதுவே இறுதி. பி.ஆர். உண்மையிலேயே போய்விடும். மேல்முறையீடு செய்துவிட்டு, கடந்த 365 நாளுக்குள் ஒரு முறையாவது கனடாவில் இருந்திருந்தால், வழக்கு நடக்கும் காலத்தில் உள்ளே வரப் பயண ஆவணம் கிடைக்கும். அப்படி இல்லாதவர் வெளியே இருந்தபடியே வழக்கை நடத்த வேண்டிவரலாம். நாள் குறைவாக உள்ளவருக்குக் கார்டு ஊரில் இருக்கும்போது காலாவதியாவதுபோல் ஆபத்தான இடம் வேறில்லை. நாள் நிறைய உள்ளவருக்கு அது வெறும் தொந்தரவு, 50 டாலர் கட்டணமும் சில வாரக் காத்திருப்பும்.

வெளியே இருந்த நாளும் உள்ளே இருந்ததாகக் கணக்காகும் வழிகள் சில உண்டு. கனடியக் குடிமகனான கணவனோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த நாள்கள் சேரும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணையும் இதில் அடக்கம். பெற்றோர் குடிமக்கள், பிள்ளை பி.ஆர். என்றால், அவர்களோடு இருக்கும் பிள்ளைக்கும் சேரும். சேர்ந்து குடியிருந்ததுதான் முக்கியம் என்று விதி சொன்னாலும், யார் யாரைப் பின்தொடர்ந்து போனார்கள் என்று சில தீர்ப்புகள் துருவியிருக்கின்றன. ஏற்கெனவே சென்னையில் இருந்த கணவனிடம் குடிமகளான மனைவி வந்து சேர்ந்தால், யாருக்கு யார் துணை?

இங்கே ஒரு பெரிய தப்பபிப்பிராயம் உண்டு. "என் மகன் கனடியக் குடிமகன், ஊரில் அவனோடுதான் இருந்தேன்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. சலுகை குடிமகனான பெற்றோரோடு இருக்கும் பிள்ளைக்குத்தான், குடிமகனான பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு இல்லை. பேரன் கனடாவில் பிறந்தவன் என்பதும் இந்தக் கணக்கில் உதவாது.

இன்னொரு வழி வேலை. கனடிய நிறுவனமோ, கனடாவின் மத்திய, மாகாண அரசோ ஒருவரை முழுநேர வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாள்கள் சேரும், கூடப் போகும் பி.ஆர். துணைக்கும் சேரும். ஆனால் அனுப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கனடிய நிறுவனத்தின் சென்னைக் கிளையில், சென்னையிலேயே நேர்காணலுக்குப் போய் வேலைக்குச் சேர்ந்தவர் அனுப்பப்பட்டவர் இல்லை. டொராண்டோ கம்பெனியின் வேலையை, மேலாளரிடம் சொல்லிவிட்டு மடிப்பாக்கம் மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்ப்பவரும் அனுப்பப்பட்டவர் இல்லை. போன வேலை முடிந்ததும் கனடாவில் திரும்பிச் சேர இடம் இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் பார்த்திருக்கின்றன. நாள் கணக்குக்காகவே கனடாவில் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனி தொடங்கி, அதிலிருந்து தன்னையே துபாய்க்கு அனுப்பிக்கொள்ளும் யோசனையை விதிமுறை முன்கூட்டியே அடைத்துவிட்டது. முக்கியமாக இந்தக் கடமையை ஈடுகட்டவே இயங்கும் நிறுவனம் கனடிய நிறுவனம் ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

எத்தனை நாள் இருந்தோம் என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. கனடிய விமான நிலையத்தில் பி.ஆர். ஆட்களுக்குப் பெரும்பாலும் முத்திரை குத்துவதில்லை. உதவுவது நம் ஊர் முத்திரைகள்தான். மீனம்பாக்கத்திலும் கட்டுநாயக்காவிலும் குத்திய வருகை, புறப்பாடு முத்திரைகளை வைத்துத்தான் பலர் தங்கள் கனடா நாள்களைக் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டவர் அப்போதுதான் தலையில் கை வைப்பார். வீட்டுப் பீரோவில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்து, போன தேதி, வந்த தேதி, விமான எண் என்று எழுதி, போர்டிங் பாஸையும் அதிலேயே ஸ்டேபிள் செய்து வைக்கும் பெரியம்மா ஒருவரை எனக்குத் தெரியும். வக்கீல் கேட்டபோது அந்த நோட்டைத்தான் நீட்டினார்.

அரசிடமும் இப்போது தரவு இருக்கிறது. தரை எல்லையில் அமெரிக்காவோடு நுழைவுத் தகவலைப் பரிமாறிக்கொள்வது 2013-லேயே பி.ஆர். ஆட்களுக்குத் தொடங்கியது. 2020 முதல் விமானத்தில் கிளம்புவோர் பட்டியலும் எல்லைச் சேவை முகமைக்குப் போகிறது. அந்தக் காலத்தில் ஞாபகத்தில் இருந்து தேதி எழுதியவர்கள் தப்பித்திருக்கலாம், இனி முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்டில் உரிமம் இல்லாத ஆலோசகர் ஒருவர், நாள் குறைந்த வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட்டில் போலி முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2015-ல் அவருக்கு 7 ஆண்டுச் சிறை. அவரிடம் போனவர்களின் பி.ஆர். விவகாரங்களும் சேர்ந்து கிளறப்பட்டன. நாள் குறைந்ததற்கு மன்னிப்பு உண்டு, பொய் சொன்னதற்குத் தண்டனை 5 ஆண்டுத் தடை.

மன்னிப்பு என்றேன். சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. மனிதாபிமானக் காரணங்கள், குறிப்பாகப் பாதிக்கப்படும் குழந்தையின் நலன், இவற்றை அதிகாரி பார்த்தாக வேண்டும். மேல்முறையீட்டில் கேட்கப்படுபவை வழக்கமான கேள்விகள்தான். எத்தனை நாள் குறைவு? ஏன் போனீர்கள்? ஏன் அங்கேயே இருந்தீர்கள்? முதல் வாய்ப்பிலேயே திரும்ப முயன்றீர்களா? கனடாவில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நம் வழக்குகளில் அடிக்கடி வரும் பதில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நல்ல காரணம்தான். ஆனால் அதற்கு மருத்துவமனைக் காகிதம் வேண்டும், வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க முடியாதா என்ற கேள்விக்கு நிதானமான பதில் வேண்டும், அம்மா காலமான பிறகு மாதக்கணக்கில் எதற்காக இருந்தீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும். வீட்டை விற்கக் காத்திருந்தேன் என்பது உண்மையாக இருந்தாலும் அங்கே எடுபடாது. 730-க்கு 690 உள்ளவரையும் 40 உள்ளவரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதற்கு முற்றிலும் வெளியே இன்னொரு ஆபத்து இருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். ஆனவர், குடியுரிமை எடுக்காமல், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அதில் கொழும்புக்குப் போய்வந்தால், தாய்நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டார் என்று அரசு வாதிடலாம். 2012 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி அகதி நிலை முடிவுக்கு வந்தால் பி.ஆரும் அதோடு போகும். 20 ஆண்டு ஸ்கார்பரோவில் வாழ்ந்து 730 நாளைப் பல மடங்கு தாண்டியவருக்கும் இது பொருந்தும். நாள் குறைந்தவருக்குக் கிடைக்கும் அந்த மேல்முறையீடு இவருக்குக் கிடையாது, ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு மட்டும்தான். போனால் இப்படி ஆகும் என்று அந்த நபருக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார் என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று 2022-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிண்டோ கமாயோ வழக்கில் சொன்னது கொஞ்சம் ஆறுதல். குடியுரிமை எடுத்தவரை இது தொடாது. அகதியாக வந்து, இன்னும் பி.ஆரோடு நிற்பவர் ஊர்த் திருவிழாவுக்கு டிக்கெட் போடும் முன் குடியுரிமையை வாங்கிவிடுவது நல்லது.

அப்படியானால் எல்லோரும் குடியுரிமை எடுத்துவிட்டால் தீர்ந்ததே? எடுத்தவருக்கு 730 கவலை ஒழிந்தது, உண்மைதான். ஆனால் அதற்கு 5 ஆண்டில் 1,095 நாள் வேண்டும். அதுவும் இங்கே உடலோடு இருந்த நாள். குடிமகளான மனைவியோடு துபாயில் இருந்த நாள் பி.ஆரைக் காப்பாற்றும், பொதுவாகக் குடியுரிமைக்குச் சேராது. இந்தியர்களுக்கு இன்னொரு தயக்கம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. கனடியர் ஆனதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது. ஒரு நாள் ஊருக்கே திரும்பி, தஞ்சாவூரில் நாலு ஏக்கர் வாங்கிப்போடும் கனவுள்ளவர் 15 ஆண்டு பி.ஆராகவே ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கை, விண்ணப்பித்தால் இரட்டைக் குடியுரிமை தருகிறது, அதனால் அந்தப் பக்கம் இந்தத் தயக்கம் குறைவு.

730-ஐ மட்டும் எண்ணுகிறவர்கள் மறக்கும் வேறு கடிகாரங்களும் உண்டு. ஒன்டாரியோவின் இலவச மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். 5 ஆண்டில் 2 ஆண்டு இருந்தேன், பி.ஆர். பத்திரம் என்று நிம்மதியாக இருப்பவரின் ஹெல்த் கார்டு செல்லாமல் போயிருக்கலாம். வருமான வரிக்கு யார் குடியிருப்பாளர் என்பது அடுத்த கணக்கு. ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாக அர்த்தம் இல்லை.

இதெல்லாம் அதிகம் உறுத்துவது, பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து வரவழைத்த பெற்றோர்களுக்குத்தான். ஜனவரிப் பனியில் பிராம்டன் வீட்டு ஜன்னல் அருகே உட்கார்ந்து, "இன்னும் எத்தனை நாள் இருக்கணும்ப்பா?" என்று மகனிடம் கேட்பவர்கள். அவர்களில் சிலர் இப்போது பி.ஆரைத் தாங்களே எழுதிக் கொடுத்துத் துறக்கிறார்கள், 2014 முதல் அதற்கு முறையான வழி இருக்கிறது. துறந்தவர் பெற்றோர், தாத்தா பாட்டிக்கான சூப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலை முதல் அதில் ஒரு முறை வந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம், எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போகலாம், நாள் எண்ண வேண்டாம். ஆனால் ஹெல்த் கார்டு இருக்காது. குறைந்தது 1 லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும், எழுபது வயதில் அதன் பிரீமியம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.